நாப்பா பள்ளத்தாக்கில் பிரயாணிகளை வரவழைக்கும் ஏற்பாடு

அமெரிக்காவில் கலிபோர்னியா இராஜ்யத்தைச் சேர்ந்த நாப்பா ஜில்லா திராட்சைச் சாகுபடிக்குப் பேர்போனது. அங்கு விளையும் பழம் பெரும்பாலும் மது வடிக்கவே பயன்படுகிறது. தோட்டங்களையும் ஆலைகளையும் பார்க்கும்பொருட்டு உல்லாசப் பிரயாணிகள் திரளாக வருகின்றனர். அவர்கள் காண விரும்பும் காட்சி விவசாயிகளின் உழைப்பால் உண்டானதே. ஆகவே 1968-ம் வருஷத்தில் ஜில்லா அதிகாரிகள் பள்ளத்தாக்கின் நிலத்தை விவசாயக் காப்பு நிலமாக ஒதுக்கி, 20 ஏக்கருக்குக் குறைவாகத் துண்டு போடலாகாதென்று விதித்தனர். பின்னர் அந்த அளவு 40 ஏக்கராக உயர்த்தப்பட்டது. ஜனங்களின் வோட்டு இன்றி இந்நிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்றலாகாதென்ற 1990-ம் வருஷத்து விதி, 2008-ல் 2058 வரையில் நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

பிரயாணிகள் வருகிறார்களென்றாலும், வருஷம் முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. அறுவடைக் காலமாகிய ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையில் விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. ஜனவரியிலோ, வார நடு நாட்களிலோ அறைகள் காலியாய்க் கிடக்கும். வாடிய வெற்றிலையை மறுநாள் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். இன்றிரவு காலியாயிருந்த அறையை நாளைக்கு விற்க எவராலும் இயலாது.

இக்குறையை நீக்க விளம்பரம் வேண்டும். ஆனால் ஒரு விடுதிக்காரர் தம் செலவில் பள்ளத்தாக்கின் பெருமையைப் பரப்பினால், பலன் பக்கத்து விடுதிக்கும் போய்ச் சேரும்; அதனால் ஒருவரும் முன்வரமாட்டார். இந்தியத் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கும் முன்னாளில் இதே சங்கடம் நேர்ந்தது. அவர்கள் தாமே வேண்டிக்கொண்டதன்பேரில் 1903-ம் வருஷத்தில் ஏற்றுமதித் தேயிலைமீது தீர்வை விதிக்கச் சட்டம் இயற்றப்பட்டு, அத்தொகை தேயிலைப் பிரசாரத்திற்கு உபயோகிக்கப்பட்டது.

கலிபோர்னியாவில் 1994-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இதற்கு வழி செய்கிறது. தீர்வை செலுத்தவேண்டிய தொழில்காரர்களே முதலில் மனுக்கொடுக்க வேண்டும். வசூலாகக்கூடிய தொகையில் பாதிக்கு மேல் செலுத்துவோர் கையொப்பமிட்டாலன்றி மனு செல்லாது. ஒரே பெரிய முதலாளி மற்றவர்களை அமுக்கிவிடாதபடி, ஒருவருடைய பங்கு 40 சதவிகிதத்திற்கு மேற்பட்டால் அதிகப்படியானது கணக்கில் சேராது. முதல் தவணை ஐந்து வருஷத்திற்கு மேற்படலாகாது. புதுப்பித்தால் பத்து வருஷம் வரையில் நடக்கலாம். அதிருப்தியடைந்தவர்கள் ஏற்பாட்டையே கலைக்கும்படி கேட்க வருஷந்தோறும் 30 நாள் அவகாசமும் உண்டு. கட்டாயத் தீர்வைக்கு இத்தகைய கடிவாளம் இருப்பது நியாயமே.

நாப்பாவில் இத்திட்டம் 2010-ல் ஏற்பட்டது. அறை வாடகையில் 100-க்கு 2 வீதம் வசூலிக்கப்படுகிறது. ஒருவர் ஓர் இரவுக்கு 300 டாலர் வாடகை கொடுத்தால், 6 டாலர் இந்நிதிக்குச் சேரும். சட்டப்படி பொறுப்பாளி விடுதிக்காரர் எனினும், பிரயாணியின் பில்லில் அது தனியே சேர்க்கப்படுவதே வழக்கம். இது நகராட்சிகள் வாங்கும் தங்கல் வரிக்குப் புறம்பானது. அந்த வரி பொதுச் செலவுக்குப் போகலாம். இத்தீர்வையோ செலுத்தினவர்களுக்கு நேரான நன்மை தரும் காரியத்திற்கே செலவாகவேண்டும். பெரும்பகுதி 'விஸிட் நாப்பா வேலி' என்னும் லாப நோக்கமற்ற சங்கத்திற்கும், ஒரு பங்கு அந்தந்த ஊர்க் கமிட்டிக்கும் சேருகிறது.

இந்நிபந்தனையே திட்டத்தின் போக்கையும் நிர்ணயிக்கிறது. அறுவடைக் காலத்தில் நிரம்பி வழியும் விடுதிகளுக்கு விளம்பரம் எதற்கு? ஆகையால் குளிர்காலத்திற்கும் வார நாட்களுக்குமே கவனம் அதிகம் செலுத்தப்படுகிறது. கம்பெனிகளின் மகாநாடுகளை வரவழைப்பதும் அதன்பொருட்டே. இதில் விவசாயிகள் ரசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அங்கு மழை பெய்வது குளிர்காலத்தில்தான். இலையுதிர்ந்த கொடி வரிசைகளினூடே மண் அரிக்கப்படாமலிருக்கவும், பிறகு மடக்கி உழுது உரமாக்கவும் உதவும் கடுகுச் செடிகள் ஜனவரி முதல் மார்ச் வரையில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கின்றன. அந்தப் பசுந்தாட் பயிரின் பூவையே காட்சிப் பொருளாக்கி, மந்த காலத்தில் பிரயாணிகளை அழைக்கின்றனர்!

முறையில் ஒரு பலவீனமும் இல்லாமலில்லை. விருந்தாளி வந்தால்தான் நிதி வரும். 2020-ல் கொரோனா நோயும், அவ்வருஷம் செப்டம்பர் இறுதியில் மூண்ட காட்டுத்தீயும் அடுத்தடுத்து வந்தபொழுது, பிரசாரம் மிக அவசியமாயிருந்த தருணத்தில் வரவு குன்றியது. நல்ல வருஷங்களின் வரவில் ஒரு பகுதியைக் கையிருப்பாக வைக்காத எந்தச் சங்கமும் இத்தகைய காலத்தில் திண்டாடவே நேரும்.

திராட்சைப் பயிரிடுவோர் இந்நிதிக்கு ஒன்றும் செலுத்துவதில்லை. ஆயினும் கூட்டத்தின் தொல்லை அவர்களையும் சேருகிறது. அறுவடை சமயத்தில் மோட்டார் வண்டிகளின் நெருக்கத்தால் பழ லாரிகள் சாலையில் காத்து நிற்கின்றன. 1990-க்குப் பின் ஏற்பட்ட ஆலைகளில், முன்கூட்டி நேரம் குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு மாத்திரமே சுற்றிப் பார்க்க இடந்தரவேண்டுமென்று ஜில்லா அதிகாரிகள் விதித்திருக்கின்றனர்.