எந்த நாய் நமக்கு ஏற்றது?

நட்புக்கு இலக்கணம் கூறவந்த நாலடியார், ‘நட்பாராய்தல்’ என்னும் அதிகாரத்தில் யானையை விடுத்து நாயைத் தேர்ந்தெடுக்கிறது. பழகிய பாகனிடமே சினங்கொள்ளும் யானையினும், தீங்கு செய்த தலைவனிடமும் அன்பு மாறாத நாயே மேல் என்பது அதன் கருத்து. நன்று! ஆனால் நாய் வளர்க்க விரும்பும் நாம், எந்த நாய் நமக்கு ஏற்றது என ஆராய்கிறோமா? விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றை ஈண்டுக் கூற விழைகிறேன்.

முதலில் ஆராய வேண்டியது நாயை அன்று, நம் வீட்டை. நான் வாழும் திருவொற்றியூரிலும், இராயபுரத்திலும், எண்ணூரிலும் ஓர் அறையும் ஒரு திண்ணையுமே உள்ள வீடுகள் பல. தந்தை ஆலைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்வார். அண்ணன் துறைமுகத்துக்குச் செல்வார். நாயோடு இருப்பவர் யார்?

அடுத்தது தட்பவெப்பம். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கிறது. கடற்காற்றில் ஈரம் மிகுதியாதலால் இரைப்பின் பயனும் குறைகிறது. அடர்ந்த மயிருள்ள அல்சேஷனும், சப்பை மூக்குள்ள பக் நாயும் சித்திரை வெயிலில் இங்குப் படும் பாடு சொல்லி முடியாது. எங்கள் தெருவில் அழகுக்காக வாங்கப்பட்ட சடைநாய் ஒன்று, ஆண்டு திரும்புமுன் தெருவில் விடப்பட்டது. ஆசை அடங்கிற்று, நாய் அநாதையாயிற்று!

அப்படியாயின் தமிழகத்து இனங்களை நாடலாமா? ராஜபாளையம் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட சிறந்த காவலன். அயலாரை எளிதில் நம்பாது. வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் சிலவற்றில் சேர்ந்து வருவதுண்டு. எனவே குட்டியின் பின்னின்று கைதட்டிப் பார்த்து வாங்குதல் நலம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டும் ஓட்டக்காரர்கள். கோம்பை, தேனி மாவட்டத்துத் துணிச்சல் மிக்க காவல் நாய். 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. 2020-இல் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும், கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் தனி இனங்களாகப் பதிவு செய்தது. பெருமைதான்! எனினும், கரிசல் காட்டில் ஓடப் பிறந்த நாயை, கண்டெய்னர் லாரிகள் விரையும் சாலையோரம் சங்கிலியில் கட்டுவது அதற்குச் சிறையன்றோ?

இடமும் நேரமும் உள்ளோர் அவற்றை வளர்க்கட்டும். மற்றவர்க்கு, காசிமேட்டில் வலைகளினிடையே உறங்கும் நாட்டு நாயின் குட்டியே ஏற்றது என்பேன். குட்டை மயிர் உடையது. நம் வெயிலுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. விலையில்லை, நன்றிக்குக் குறைவுமில்லை.

எந்த நாயாயினும் கடமை ஒன்றே. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் ஆண்டுதோறும் ஊசி, மாநகராட்சி உரிமம் ஆகியன வேண்டும். 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நமக்கு அருகில் வேப்பேரியிலேயே உள்ளது. நாய் கடித்தால் சுண்ணாம்பும் மஞ்சளும் தடவாதீர். ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லுங்கள். அறிகுறி தோன்றியபின் அந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை.

நம் பட்டப்படிப்பு மூன்றே ஆண்டு. நாயோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். வேலை தேடி நாம் வெளியூர் சென்றபின் அதற்குச் சோறிடுபவர் யார்? இக்கேள்விக்கு விடை கண்டபின் குட்டியைக் கையில் எடுங்கள், நண்பர்களே!