கரண்ட் வைத்த கார்டு எங்கே?

"நாளைக்கு உள்ளதையும் இன்னிக்கே சேர்த்து வெச்சு அனுப்பிடுங்களேன் டாக்டர். கிருத்திகைக்கு நான் ஊர்ல இருக்கணும்" என்றார் என் மாமியார்.

எங்களுக்குச் சுவாமிமலை. அத்தைக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று கதிர் சிகிச்சை நடந்துகொண்டிருந்த சமயம் அது. 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள் எங்கள் பக்கத்தில். மின்சாரம் இல்லை, எக்ஸ்ரே ஜாதிதான், வீரியம் பல மடங்கு அதிகம்.

டாக்டர் சிரித்தார். "உங்க ஊர்க் கோயிலுக்கு எத்தனை படிம்மா?"

"அறுபது."

"அறுபதையும் ஒரே தாவா தாவுவீங்களா? இதுவும் அப்படித்தான்."

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். கதிரை அளக்கும் கணக்குக்கு 'கிரே' என்று பெயர். தினம் 2 கிரே, வாரம் ஐந்து நாள், ஏழு வாரத்தில் 70 கிரே. தொண்டைக்குப் பின்னாலேயே தண்டுவடம் ஓடுகிறது. கை, கால், சிறுநீர் எல்லாவற்றுக்கும் மூளையிலிருந்து செய்தி போகும் பாதை அது. கட்டிக்கு 70 போனாலும், தண்டுவடத்துக்கு 45, மிஞ்சினால் 50 கிரேக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள்.

தினம் 2 கிரே என்ற கணக்கில், தண்டுவடத்துக்கு 50 கிரே போனால் ஆயிரத்தில் இரண்டு பேருக்குத்தான் பாதிப்பு. 60 ஆனால் நூற்றில் ஆறு பேருக்கு. 69 ஆனால் பாதிப் பேருக்கு! 2010-ல் நிபுணர்கள் தொகுத்த கணக்கு இது.

மொத்த அளவு மட்டும் போதாது, இடைவெளியும் முக்கியம். ஒருநாள் பட்ட காயத்தை தண்டுவடம் மெள்ள மெள்ளச் சரிசெய்துகொள்கிறது. ஒரே நாளில் இரண்டு தடவை தரவேண்டி வந்தால்கூட நடுவே ஆறு மணி நேரமாவது விடுவார்கள். இங்கிலாந்தில் தினம் மூன்று வேளை கொடுத்துப் பார்த்தபோது, ஆறு மணி இடைவெளி விட்டும் சிலருக்குத் தண்டுவடம் பாதித்தது. அதற்காக நாளைத் தள்ளிப் போடவும் கூடாது. கட்டி மறுபடி வளர இடம் கொடுத்ததாகிவிடும்.

அந்தக் கிருத்திகைக்கு அத்தை ஊருக்கு வரவில்லை. நான்தான் விபூதிப் பிரசாதம் கொண்டுபோனேன்.

சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம், கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பயந்து ஓடினோம். "இது வரும், தானே போயிடும்" என்றார் டாக்டர். போயும்விட்டது. ஆனால் ஆறு மாதமோ, சில வருஷமோ கழித்துக் கால் மரத்துப் போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

மூன்று வருஷம் கழித்துக் கழுத்து எலும்பில் நோய் தலைகாட்டியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பழைய கார்டு இருக்கா?"

நல்லவேளை! தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணியபோது பழைய பேப்பரோடு போட இருந்ததை, ஜாதகக் கட்டோடு வைத்திருந்தேன். தண்டுவடத்துக்கு முன்பு போனது 44 கிரே என்று அதில் இருந்தது. குரங்குகளிடம் செய்து 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரு வருஷத்திலேயே பழைய காயத்தின் பெரும்பகுதி ஆறியிருந்ததாம். மொத்த அளவும் தேதியும் தெரிந்ததால் கணக்குப் போட்டு, சின்னச் சின்ன அளவாகத் திரும்பக் கொடுத்தார்கள்.

அத்தை இப்போது அறுபது படி ஏறுவதில்லை. கீழே நின்று கும்பிடுகிறார், தன் காலில் நின்று.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைத்திருந்தால், மொத்த அளவு, எத்தனை தடவை, எந்தத் தேதி எல்லாம் எழுதிய அந்தக் கார்டை நகையைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.