ஸ்கேன் படத்துக்குள் இருக்கும் 'ராம்-லாக்'

சுரண்டையில் பைக்கிலிருந்து விழுந்த என் அப்பாவுக்குத் தலையில் அடி. தென்காசியில் சி.டி. ஸ்கேன் எடுத்து, படங்களை ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

தலையைத் திறக்காமலே உள்ளே இருப்பது எப்படித் தெரிகிறது? ஸ்கேனர் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே நிழல்களை மட்டுமே எடுக்கிறது. அவற்றைச் சேர்த்துப் படமாக்குவது கம்ப்யூட்டர்தான். நிழல்களை அப்படியே சேர்த்தால் படம் மங்கிவிடும். ஒவ்வொரு நிழலையும் ஒரு ஃபில்டரால் கூர்மையாக்கிய பிறகே சேர்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'ஷார்ப்பன்' கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஃபூரியர் மாற்றம் என்ற நீண்ட கணக்கைத் தவிர்த்து, இதற்கு எளிய வழியை 1971-ல் வெளியிட்டவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும். 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்த ராமச்சந்திரன், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானவர். சி.டி. ஸ்கேனுக்கான 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவருக்கும் போனது. ராமச்சந்திரன் 2001-ல் மறைந்தார். ஆனால் அந்த ஃபில்டரின் பெயர் இன்றும் 'ராம்-லாக்'. இன்ஜினியரிங் படித்தபோது அது எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வி!

உங்கள் வீட்டிலும் ஸ்கேன் டிஸ்க் இருந்தால் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு உதவும்.