கோரையைப் பிடுங்கினால் போதாது

சிறுசேரி, நாவலூர் பக்கம் புது வீடு கட்டியவர்கள் தோட்டம் போடுமுன் ஒரு லாரி மண் இறக்குகிறார்கள். கத்தரி நாற்று வேர் பிடிக்குமுன்பே அதில் கோரை தலைகாட்டிவிடுவது உண்டு. மண்ணோடு கிழங்கும் வந்து சேர்ந்ததே காரணம்.

கையால் பிடுங்கினால் தாள்தான் வரும். அடியில் கிழங்குகள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கின்றன. நுனிக் கிழங்கு இருக்கும்வரை மற்றவை உறங்கும். சங்கிலி அறுந்தால் அவையும் முளைக்கும். பிடுங்கப் பிடுங்கப் பெருகுகிறதே என்று இல்லத்தரசிகள் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

சித்திரை, வைகாசி வெயிலே இதற்கு மருந்து. பாத்தியை ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டி, நீர் விடாமல் காயப்போட வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் அந்த ஆழத்துக்குள்தான் இருக்கும். பத்து நாளுக்கொரு முறை மறுபடி புரட்டி, மேலே வருவதைப் பொறுக்கிவிடலாம். கோடை மழை பெய்தால் மீண்டும் தளிர்க்கும். சலிக்காமல் கொத்த வேண்டியதுதான். பிறகு முளைப்பவற்றை 3 வாரம் ஆகுமுன் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். விட்டால் புதுக் கிழங்கு வைக்கும்.

கோரைக்கு நிழல் ஆகாது. ஆடியில் தட்டைப்பயறை நெருக்கி விதைத்தால் கொடி படர்ந்து அதை அமுக்கும். சவுக்குச் சருகு மூடாக்கு, விதையில் முளைக்கும் சாரணையைத் தடுக்கும், கோரையைத் தடுக்காது. கறுப்பு பாலிதீனைக்கூட அது குத்திக்கொண்டு வெளிவரும்.

அறுகம்புல்லை வெட்டக் கூடாது, துண்டான ஒவ்வொரு கணுவும் வேர்விடும். கொடியாக இழுத்தெடுத்துப் பிள்ளையாருக்குச் சாற்றலாம். எருக்குழியில் போட வேண்டாம்.

மண் வாங்குவோர் முதலில் ஒரு தொட்டி அளவு வாங்கி, இரண்டு வாரம் நீர் தெளித்துப் பாருங்கள். ஊசிபோல் முளை வந்தால் அந்த மண் வேண்டாம்.