ஏற்காடு மலை ஏறும்போது பழைய பைக் நின்று போகிறதா? கார்புரேட்டரில் பார்க்க வேண்டியது என்ன?

சேலம் அடிவாரம் வரைக்கும் ஜோராக வந்த பைக், ஏழாவது எட்டாவது கொண்டை ஊசி வளைவில் திணற ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு இழுவை, அப்புறம் ஆஃப். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட், ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான காட்சிதான் இது. "மேல போகப் போக காத்து கம்மி, அதான் இழுக்கல" என்பதே எல்லோரும் சொல்லும் காரணம். அது எந்த அளவுக்கு உண்மை? விரிவாகப் பார்க்கலாம்.

காற்று எவ்வளவு குறைகிறது?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்த பிறகு புது பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதில் சென்சார் காற்றைக் கணக்குப் பார்த்து பெட்ரோல் அளவை மாற்றும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. குறுகலான பாதையில் காற்று வேகமாகப் போகும்போது, ஜெட் எனும் பித்தளைத் துளை வழியாக பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி 11 சதவீதம் அளவுக்குக் குறையும். பெட்ரோல் கலவை 5, 6 சதவீதம் கூடுதலாகும். அதனால் பைக் கொஞ்சம் மந்தமாகும், பிளக் லேசாகக் கறுக்கும். ஆனால் நின்று போகாது. லடாக்கின் கர்துங் லாவில் காற்று கடல் மட்டத்தைவிட 40 சதவீதம் குறைவு. அங்கேயே கார்புரேட்டர் புல்லட்டுகள் ஏறி இறங்கியிருக்கின்றன. ஆக, 20 வளைவு தாண்டுவதற்குள் வண்டி நிற்கிறது என்றால் மலை மேல் பழி போட முடியாது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாமல் இருந்த அழுக்கு, ஏற்றத்தில் வெளியே வருகிறது.

நின்று, 2 நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா?

இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. பெட்ரோல் அதில் நிரம்பி நிற்கும். உள்ளே இருக்கும் ஃப்ளோட் அளவைக் கட்டுப்படுத்தும். தட்டையான ரோட்டில் செலவு குறைவு, அதனால் பெட்ரோல் மெதுவாக வந்தாலும் சமாளித்துவிடும். மலையில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே போகும்போது, வருவதைவிட செலவு அதிகம். கிண்ணம் காலியாகி வண்டி நிற்கும். நிறுத்தி வைத்தால் மெல்ல நிரம்பும், மறுபடி ஓடும்.

இதற்கு கார்புரேட்டரைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. துளையைச் சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை. அது இல்லையென்றால் பெட்ரோல் டேப்பில் உள்ள வலை, டேங்க் துரு, ஃபில்டர் இவற்றைப் பார்க்க வேண்டும்.

நிற்காமல், கறுப்புப் புகையோடு திணறினால் கதை வேறு: ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் முழுதாக மூடாமல் இருப்பது, அல்லது ஃப்ளோட் வால்வு கசிவு. ஐடிலிங்கில் மட்டும் அணைந்தால் ஸ்லோ ஜெட். முழு ஆக்சிலேட்டரில் மட்டும் அடைத்தால் மெயின் ஜெட்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஏற்காடு மாதிரி பனியும் மழையும் உள்ள இடத்தில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய தொல்லை. கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தால் அடியில் தனியாகத் தெரியும். சில சமயம் இதை வடித்தாலே வண்டி சரியாகிவிடும்.

ஆனால் வளைவில் நின்றபடி சூடான இன்ஜின் மேல் இந்த வேலை வேண்டாம். தீப்பிடிக்கும். வண்டியை வளைவைத் தாண்டி நேரான இடத்தில் ஓரமாகத் தள்ளி, ஆறவிடுவது நல்லது.

வீட்டில் சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், அவசரம் இல்லாவிட்டால். திறந்த வெளியில், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுத் தொடங்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். பலரும் இங்கேதான் சொதப்புகிறார்கள். ரப்பர் வாஷர்களை எடுத்த பிறகே கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். ஸ்ப்ரே இன்னொரு துளை வழியாக நேராகக் கண்ணில் அடிக்கும், கண்ணாடி கட்டாயம்.

ஜெட்டில் ஊசி, பின் விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது. துளை கொஞ்சம் பெரிதானாலும் மைலேஜ் போச்சு. ஸ்ப்ரேயும் காற்றும் போதும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

மலைக்காக ஜெட்டை மாற்றணுமா?

வருஷம் முழுக்க சேர்வராயன் மலையிலேயே ஓட்டுபவர், மெக்கானிக்கிடம் சொல்லி ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றிக் கொள்ளலாம்; பெட்ரோல் அளவு குறையும். இரண்டு நாள் டூர் போகிறவருக்கு இது தேவையே இல்லை. அதே செட்டிங்கோடு சேலம் வெயிலில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகும்.

இறங்கும்போது

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுவது இன்னும் நடக்கிறது. மொத்த எடையும் பழைய டிரம் பிரேக் மேல் விழும், சூடானால் பிடிக்காது. பல பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட்டும் எரியும், பனிமூட்டத்தில் எதிரே வருபவருக்கு வண்டி தெரியாது. ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் என்றால், ஆக்சிலேட்டரை முழுக்க மூடியே இறங்கும்போது இன்ஜினுக்குப் போகும் ஆயிலும் குறைகிறது. அதனால் அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஒரு முறை ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டு, மறுபடி கியரிலேயே இறங்குங்கள்.