தேயிலை மலையில் உணவும் உறக்கமும்

குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, பீருமேடு வழியாகக் குட்டிக்கானம் வந்து, அங்கிருந்து கட்டப்பனைச் சாலையில் திரும்பினால் ஏலப்பாறையை அடையலாம். ஊரின் பெயரில் ஏலம் இருப்பினும் சாலையின் இருபுறமும் கண்ணில் படுவது பெரும்பாலும் தேயிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீருமேட்டு மலைகளில் முதலில் காப்பியும், அது நலிந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. அந்நாள்களில் கங்காணிகளின் பின்னே மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இடுக்கி மாவட்டத்து லயங்களில் வாழ்கின்றனர். தேநீரால் பிழைக்கும் இம்மக்களின் உணவையும் உறக்கத்தையும் பற்றிப் பேசுகையில், தேநீர்க் கோப்பையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நல்ல உணவு எது, போதிய உறக்கம் எவ்வளவு என்பதை அறியாதவர் இன்று அரிது. மருத்துவமனைச் சுவரொட்டி, வானொலி, கைப்பேசி என எங்கும் அறிவுரைக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் அந்த அறிவுரை பத்தாம் நாளுக்குப் பின் எங்கே போகிறது என்ற விளக்கத்தில்தான். புத்தாண்டில் எடுத்த உறுதி பொங்கலுக்குள் கரைந்துபோவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்களுள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய உடனாய்வாளர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். 2009ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வில் 96 பேர் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் உண்பது, பருகுவது, உடலை அசைப்பது ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு செயலைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் நிகழும் ஒரு நிகழ்வுடன் அதை இணைத்து, 12 வாரங்கள் செய்து வந்தனர். காலை உணவு முடிந்ததும் ஒரு குவளை நீர் பருகுவது போன்றவை அச்செயல்கள். எண்ணிப் பாராமல் தானாகவே செய்யும் நிலையை அடைய எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். விரைவாகப் பழகியவருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. மிக மெதுவாகப் பழகியவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. 21 நாளில் எப்பழக்கமும் படிந்துவிடும் என்று பலரும் சொல்வதற்கு இந்த ஆய்வில் ஆதாரமில்லை. இடையில் ஒரு நாள் தவறிப்போவதால் பெரிய இழப்பில்லை என்பதும் இதே ஆய்வின் முடிவு. நமக்கு இதுவே மிகவும் ஆறுதலான செய்தி.

இதில் கவனிக்க வேண்டியது மனவுறுதியின் அளவையன்று. புதிய செயல் எதனுடன் கட்டப்பட்டது என்பதையே. மாதந்தோறும் சம்பளம் கணக்கில் ஏறிய நாளிலேயே தொடர் வைப்புக்குரிய தொகை தானாகப் பிரிந்து செல்லுமாறு வங்கியில் ஏற்பாடு செய்தவர்களுக்கு இது புதிதன்று. ‘மிஞ்சினால் சேமிப்போம்’ என்று இருந்தவர்களைவிட அவர்கள் எளிதாகச் சேமிக்கிறார்கள்.

தோட்டத்து வாழ்க்கையில் இத்தகைய கட்டுத்தறிகள் நிறைய உண்டு. காலைச் சங்கு, மஸ்டர், நண்பகல் இடைவேளை, மாலையில் கொழுந்து நிறுக்கும் நேரம் என நாள் முழுவதும் பிறர் வகுத்த நேரங்களால் ஆனது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஐந்து மணி நேர உழைப்புக்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்று வரையறுத்தது. மாலை ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் அரசின் அனுமதியின்றிப் பெண்களை வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் விதித்தது. நகரத்தில் கணினி முன் அமர்ந்து பணிபுரிபவருக்குத் தமது நாளை இவ்வாறு ஒழுங்கில் நிறுத்த எத்தனையோ செயலிகள் தேவைப்படுகின்றன. தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. அதனுடன் எதை இணைப்பது என்பதே கேள்வி.

முதலில் தேநீர். நண்பகலில் சோறும் குழம்பும் உண்ட கையோடு ஒரு குவளை கட்டன் சாயா பருகுவது மலைக்குளிரில் இயல்பானதே. ஆனால் தேயிலையில் உள்ள டானின் முதலிய பொருள்கள், கீரை, பயறு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைக் குடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுடன் தேநீர் பருகியபோது இருந்த தடை, ஒரு மணி நேரம் கழித்துப் பருகியபோது வெகுவாகக் குறைந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காப்பியைத் தவிர்க்கச் சொல்கிறது.

இது சிறு செய்தியன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டு. தமிழ்நாட்டில் அது 53.4, நலவாழ்வில் முன்னிற்கும் கேரளத்திலும் 36.3. கூடையையும் சாக்கையும் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு இரத்தசோகை என்பது அறிக்கையில் வரும் எண் மட்டுமன்று. அது மூச்சிரைப்பாகவும் மயக்கமாகவும் வருவது. பறிக்கும் கொழுந்தின் எடை குறைவதாகவும் கூலியில் தெரிவது.

தேநீரை விடச் சொல்வது இங்கே நடக்காது. நாமும் அதைச் சொல்லப் போவதில்லை. நண்பகல் தேநீரைச் சோற்றிலிருந்து பிரித்து, மாலையில் கொழுந்தை நிறுத்துவிட்டு வரும் வேளைக்கு மாற்றினால் போதும். உண்டபின் கை தேடும் குவளையில் வெந்நீரோ சீரக நீரோ இருக்கட்டும். உணவுடன் ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு நெல்லிக்காய், அல்லது பின்கட்டில் பழுத்த ஒரு கொய்யா சேருமானால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து உடலில் சேர உதவும். ஒரு பழக்கத்தைப் பறிக்காமல் இடம் மாற்றுவது, அதை ஒழிப்பதைவிட எளிது.

தட்டில் என்ன இருக்கிறது என்பது அடுத்தது. சோறு, கப்பைக் கிழங்கு, மீண்டும் சோறு என்று மாவுப்பொருளே வயிற்றை நிரப்பும் நாள்கள் மலையில் மிகுதி. கப்பை உழைப்பவருக்கு விரைந்து வலிமை தருவதில் ஐயமில்லை. ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவுக்கு வகுத்துள்ள மாதிரித் தட்டில் தானியம் 250 கிராம்தான்; பருப்பு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம்; காய்கறி 400 கிராம். உடலுழைப்பு மிக்கவர்களுக்கு மொத்த அளவு கூடும். ஆயினும் விகிதம் எண்ணிப் பார்க்கத்தக்கது. மலையாள நாட்டின் கஞ்சியும் பயறும் இவ்வகையில் அருமையான உணவு. அதை நோயாளிக்கு உரியதென்று ஒதுக்குவது நமது பிழை. பூசணிக் கொடியின் இளந்தளிரும் சேம்பின் தண்டும் லயத்துப் பின்கட்டிலேயே கிடைக்கும். அவற்றைக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவற்றுக்குச் சம்பள நாளே தக்க தறி. சம்பளம் கைக்கு வந்த அன்று ஒரு மாதத்துக்கான பயறு, கடலை, பருப்பு ஆகியவற்றை முதலில் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, எஞ்சியதில் மற்றவற்றை வாங்குவது நலம். மாதக் கடைசியில் கடன் கணக்கில் வாங்கப்படுவது பெரும்பாலும் அரிசியும் சர்க்கரையும் பேக்கரிப் பலகாரமுமாகவே இருக்கும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, கேரளத்தில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 25.5 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நாட்டின் சராசரியோ 11.4.

இனி உறக்கம். வயதுவந்தோருக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2015இல் அறிவித்தது. உறக்கத்தை ஒழுங்குபடுத்த விரும்புபவருக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்பதே. தோட்டத்தில் சங்கு அதைச் செய்துவிடுகிறது. எழும் நேரம் அசையாதிருக்க, படுக்கும் நேரம் மட்டும் தொலைக்காட்சித் தொடராலும் கைப்பேசியாலும் தள்ளிப்போவதே இங்குள்ள சிக்கல். ஓரிரு அறைகளே கொண்ட லயத்தில் ஒருவர் பார்க்கும் திரையின் ஒளி எல்லோர் கண்ணிலும் விழும். ஆகவே உறக்கம் தனியாள் பழக்கமாக இங்கே அமையாது. வீடே சேர்ந்து ஒரு நேரத்தை முடிவு செய்ய வேண்டும். பின்மாலைத் தேநீருக்கும் இதில் பங்குண்டு. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குப் பருகியதில் ஒரு பகுதி பத்து மணிக்கும் விழித்திருக்கும். ஆதலால் கொழுந்து நிறுத்தபின் பருகும் குவளையே அன்றைய கடைசிக் குவளையாக இருக்கட்டும்.

ஆயினும் பெண்களின் உறக்கத்தைப் பற்றிப் பேசும்போது, பழக்கம் என்ற சொல்லைச் சற்று எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும் என்பது எமது கருத்து. மஸ்டருக்கு முன் காலை உணவும் நண்பகல் உணவும் சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, நீர் நிரப்பி வைக்க வேண்டிய பெண் நான்கரை மணிக்கே எழுகிறாள். இரவில் பாத்திரம் துலக்கி முடிப்பவளும் அவளே. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடம். அவளிடம் ‘சீக்கிரம் படுங்கள்’ என்பது அறிவுரையாகாது. இரவு உணவு முடிந்ததும் பாத்திரம் துலக்குவது கணவரின் பொறுப்பு, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைப்பது மூத்த பிள்ளையின் பொறுப்பு என்று வீட்டில் முடிவானால், அவளுக்கு முக்கால் மணி நேர உறக்கம் கூடும். வேறெந்த மருந்தும் இதற்கு ஈடாகாது.

சங்கு ஓய்ந்த வீடுகளையும் மறக்க முடியாது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீருமேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியோடு நாளின் ஒழுங்கும் போயிற்று. பணி ஓய்வு பெற்றவர்களுக்கும் இதே நிலைதான். வேலைக்குச் செல்லும் நேரம் இல்லாதபோது காலை உணவு பதினொரு மணிக்கும், பகலுறக்கம் மாலை வரையும், இரவு விழிப்பு நள்ளிரவு வரையும் நீளும். இத்தகையவர்கள் புதிய தறியைத் தேடிக்கொள்ள வேண்டும். பால் சங்கத்துக்குப் பால் கொண்டு செல்லும் நேரம், பேரப்பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றும் நேரம், கோயில் மணியோ பள்ளிவாசல் பாங்கோ தேவாலய மணியோ கேட்கும் நேரம் என எதுவாயினும் சரி. நாள் தவறாமல் வருவதாக இருந்தால் போதும். பேருந்து சென்றதும் காலை உணவு என்று வைத்துக்கொண்டால், பகலுறக்கத்தை அரை மணி நேரத்துக்குள் நிறுத்துவதும் எளிதாகும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், உண்ணும் நேரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் சூடான தேநீரைத் தள்ளிவைப்பது கடினம். மழைக்கு முந்தைய மாதங்களே அதற்கு ஏற்றவை. 66 நாள் என்ற கணக்கை மனத்தில் கொண்டால் மார்ச்சு இறுதியில் தொடங்குவது மழைக்குமுன் படிவதற்கு வாய்ப்பளிக்கும். அது நிலைத்தபின் உறங்கும் நேரத்தைக் கையிலெடுக்கலாம். 2018இல் தொடங்கப்பட்ட இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை பெறுபவர்கள், அதைத் தேநீருடன் விழுங்காமல் வெறும் நீருடன், இரவு உணவுக்குச் சற்றுப் பின் எடுத்துக்கொள்ளலாம். படுக்கையை விரிக்கும் நேரத்துடன் அதை இணைத்துவிட்டால், மாத்திரை அட்டை பாதியில் மறந்துபோய் அலமாரியில் கிடக்காது.