துக்க வீடு இல்லாத ஊரில்

ஒரு குடும்பத்தில் மரணம் நேர்ந்துவிட்டால் அந்த வீடு அன்று முதல் துக்க வீடாகி விடுகிறது. வாசலில் பந்தல் எழும்புகிறது. நாற்காலிகள் வந்து சேர்கின்றன. அடுப்பு மூட்டாத அந்த இல்லத்துக்கு அண்டை வீட்டார் காப்பியும் சோறும் அனுப்புகிறார்கள். தூரத்து உறவினர் ஒருவர் யாரும் கேட்காமலேயே செலவுக் கணக்கைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் பேச்சில் புதுமை ஒன்றும் இராது. ஆயினும், வந்து உட்கார்ந்தார்கள் என்பதே அக்குடும்பத்துக்குப் பதினாறாம் நாள் வரையில் பெரும் பலமாக அமைகிறது. இந்த ஏற்பாடுகள் அனைத்துக்கும் ஆதாரமாக நிற்பது வீடு என்னும் ஓர் இடம் என்பதை நாம் அதிகமாகச் சிந்திப்பதில்லை. பிறர் வீட்டில் ஊழியம் செய்து, பிறர் வீட்டிலேயே உறங்கி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் தெருவோரத்திலும் பூங்காவிலும் தம் மொழி பேசுவோருடன் கூடி வாழும் ஒரு சமுதாயத்தினுள் மரணம் நுழைந்தால், அவர்களுக்குத் துக்க வீடு எது? சிங்கப்பூரில் வாழும் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பணிப்பெண்கள் 2019-ஆம் ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று இக்கேள்விக்கு விடை தேட வேண்டியவர்களானார்கள்.

ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள லக்கி பிளாசா என்னும் பழைய அங்காடிக் கட்டடத்தை அறியாத சிங்கப்பூர்வாசி இருக்க முடியாது. ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள், பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பும் ஏஜென்டுகள், தாய்நாட்டு உணவு விற்கும் சிறு சாப்பாட்டுக் கடைகள் ஆகியவை நிறைந்த அந்தக் கட்டடமும் அதன் சுற்றுப்புறமும், சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவும் சிராங்கூன் சாலையும் எப்படியோ, அப்படியே பிலிப்பினோ மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊராக விளங்குகின்றன. 2019 டிசம்பர் 29 மாலை சுமார் 5 மணிக்கு, கட்டடத்தை ஒட்டிய நட்மெக் சாலையில் வந்த ஒரு கார் நடைபாதையில் ஏறி, இரும்புத் தடுப்பை உடைத்துக்கொண்டு, கீழே இருந்த வாகன நிறுத்துமிட வெளிவழியில் போய் விழுந்தது. அங்கே விடுமுறைப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த பிலிப்பினோ பணிப்பெண்கள் அறுவர் அதில் சிக்கினர். இருவர் மாண்டனர், நால்வர் காயமுற்றனர். புத்தாண்டுக்கு இரண்டே நாட்கள் இருந்தன.

மறுநாளே அந்த இடத்தில் மலர்க்கொத்துகள் சேரத் தொடங்கின. மாண்டவர்களை ஒருநாளும் கண்டிராத பெண்கள் அங்கே வந்து நின்று ஜபித்தார்கள். சிங்கப்பூர்க் குடும்பங்களும் வந்து மலர் வைத்தன. பிலிப்பீன்ஸ் தூதரகமும், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் ஆதரவில் 2016 முதல் இயங்கி வரும் இல்லப் பணியாளர் நிலையமும் முன்வந்து, மருத்துவமனையில் இருந்தவர்களையும் ஊரில் தவித்த உறவினர்களையும் கவனித்துக்கொண்டன. பொதுமக்களும் நன்கொடை அளித்தார்கள். வீடு இல்லாதவர்களுக்காக ஒரு நடைபாதை சில நாட்களுக்குத் துக்க வீடாயிற்று என்று சொல்வது மிகையன்று.

பரிவு ஒருபுறம் இருக்க, பணத்தின் கணக்கும் ஒன்று உண்டு. துக்கத்தில் அதைப் பேசுவது அநாகரிகம் என்று எண்ணுவோர், அன்றாடச் செலவுக்கு அந்தச் சம்பளத்தையே நம்பியிருந்த குடும்பத்தை அறியாதவர்கள். சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக, முதலாளி ஒவ்வொருவரும் தம் பணிப்பெண்ணின் பெயரில் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்; மரணம் நேர்ந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் முதலாளியையே சார்ந்தது. பிலிப்பீன்ஸ் அரசாங்கத்தின் வெளிநாட்டு ஊழியர் நல நிர்வாகமோ, தன்னிடம் அங்கத்தினராயிருந்து விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2,00,000 பெசோவும், அடக்கச் செலவுக்கு 20,000 பெசோவும் வழங்குகிறது.

இந்த ஏற்பாடுகளின் பின்னால் மற்றொரு சோகத்தின் சரித்திரம் இருக்கிறது. 1995 மார்ச் 17 அன்று, கொலைக் குற்றத்துக்காக ஃபுளோர் கொன்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பினோ பணிப்பெண்ணுக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, அவர் நிரபராதி என்று நம்பிய பிலிப்பீன்ஸ் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். இரு நாடுகளும் தம் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் அளவுக்கு உறவு முறுகிற்று. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக, அதே ஆண்டு ஜூன் மாதத்தில், கடல் கடந்து உழைக்கும் தம் மக்களைப் பாதுகாப்பதற்கென்றே 8042-ஆம் குடியரசுச் சட்டத்தை அந்நாடு இயற்றிற்று. 1995-இல் கோபமாய் வெளிப்பட்ட துக்கம் 2019-இல் ஒழுங்கான உதவியாய் வெளிப்பட்டதற்கு, இடைக்காலத்தில் எழுந்த சட்டமும் ஸ்தாபனங்களும் ஒரு முக்கியக் காரணம்.

எனினும், பணமும் சட்டமும் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு; அதைச் சடங்குதான் செய்ய வேண்டும். பிலிப்பீன்ஸில் ஒருவர் இறந்தால் உடலை அடக்கம் செய்வதற்கு முன் பல இரவுகள் உறவினரும் ஊராரும் கண் விழித்திருப்பார்கள்; காப்பி குடிப்பதும் சீட்டாடுவதும் இறந்தவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வதும் அந்த விழிப்பில் அடங்கும். வருகிறவர்கள் தம்மால் இயன்ற தொகையைக் குடும்பத்தின் கையில் கொடுப்பார்கள். ஒன்பது நாட்கள் தொடர்ந்து பிரார்த்தனை நடைபெறும். ஆத்மா இவ்வுலகை விட்டு நீங்கும் நாளென்று கருதப்படும் நாற்பதாம் நாளில் மறுபடியும் அனைவரும் கூடுவார்கள். ஓராண்டு முடிந்ததும் துக்க உடை களையப்படும். சாவு வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர் நேரே தம் வீட்டுக்குள் நுழையாமல் வழியில் வேறோர் இடத்தில் சற்றுத் தங்கிச் செல்வார். குளித்த பின்னரே வீட்டுக்குள் காலடி வைக்கும் நமக்கு இந்த வழக்கம் அந்நியமாய்த் தோன்றாது. துக்கத்துக்கு நாள் குறித்து, அந்தந்த நாளில் மனிதர்களைக் கூட்டி, படிப்படியாக மனத்தை உலகத்தின் பக்கம் திருப்புகிற அந்த ஞானம் இரு சமுதாயத்துக்கும் பொதுவானது.

ஆனால் ஊழியம் செய்யும் ஊரில் சடங்கின் நாட்காட்டியும் வேலையின் நாட்காட்டியும் ஒத்துவருவதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் நாள் 2020 ஜனவரி 6, திங்கட்கிழமை. நாற்பதாம் நாள் பிப்ரவரி 6, வியாழக்கிழமை. இரண்டுமே வேலை நாட்கள். உடல் விமானத்தில் ஊருக்குப் போய்விடுகிறது. அழ வேண்டியவளோ விடியற்காலையில் எழுந்து எஜமானரின் குழந்தைக்குப் பள்ளிச் சீருடை தேய்க்கிறாள். அந்த நாற்பதாம் நாளுக்கு மறுநாள்தான் கொரோனா தொற்றின் காரணமாகச் சிங்கப்பூர் தன் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்திற்று; ஏப்ரலில் நாடே முடங்கியபோது, ஓய்வு நாளிலும் வெளியே செல்ல வேண்டாம் என்று பணிப்பெண்களுக்கு அறிவுரை வழங்கப்பட்டது. அவர்களுக்கு இருந்த ஒரே துக்க வீடாகிய ஞாயிற்றுக்கிழமையும் அத்துடன் மூடப்பட்டது.

தமிழர்களாகிய நாம் இதைப் பிறர் கதையாகக் கேட்க முடியாது. 2013 டிசம்பர் 8, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமான ஊழியர் ஒருவர் விடுதிக்குச் செல்லும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் அகப்பட்டு மாண்டார். மீட்புப் படையினர் அவரை விட்டுவிட்டுப் பேருந்து ஊழியர்களையே காப்பாற்றுகிறார்கள் என்ற தவறான எண்ணம் கூட்டத்தில் பரவியது என்பதும், மதுவும் அதனுடன் சேர்ந்துகொண்டது என்பதும், முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு கண்டறிந்த காரணங்களில் அடங்கும். அன்றிரவு மூண்ட கலவரத்தில் 23 அவசர சேவை வாகனங்கள் சேதமுற்றன. பின்னர் 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது, 57 பேர் நாடு கடத்தப்பட்டனர். கலவரத்தைப் பற்றி உலகம் பேசிய பேச்சில் அந்த ஊழியரின் மரணம் மறைந்து போயிற்று. அவருக்காகப் பொது இடத்தில் கூடி அழுவது கூட, சந்தேகத்துக்கு இடமாகுமோ என்று அஞ்ச வேண்டிய நிலையில் அவருடைய தோழர்கள் இருந்தார்கள். லக்கி பிளாசாவில் துக்கப்படுகிறவர்களுக்கு நகரம் இடம் கொடுத்தது. தேக்காவில் வெட்கமும் பயமும் அந்த இடத்தைப் பறித்துக்கொண்டன.

ஆயினும் அதே லிட்டில் இந்தியாவில்தான், ஆறுதலின் நிதானமான வடிவம் ஒன்றும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் 19 வயது இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் அடியாலும் பட்டினியாலும் மாண்ட செய்தி சிங்கப்பூரரின் மனச்சாட்சியை உலுக்கியதன் பயனாய்ப் பிறந்தது, இன்று டி.டபிள்யூ.சி. 2 என்று அறியப்படும் தொண்டமைப்பு. காயமுற்று வேலையிழந்து, இழப்பீட்டு வழக்கு முடியும் வரை ஊருக்கும் போக இயலாமல், வேறு வேலையும் செய்ய அநுமதியில்லாமல் திண்டாடும் ஊழியர்களுக்கென, 2008-இல் கஃப் சாலையில் அது இலவச உணவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. சாப்பிட வருகிறவரிடம் சற்று உட்கார்ந்து பேசினால் காயத்தின் கதை வருகிறது. காயத்தின் கதையிலிருந்து வழக்கின் நிலை தெரிகிறது. வழக்கின் நிலை தெரிந்தால் உதவியின் வழி புலப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் குடியேறிகள் பணிக்குழுவும், 2004-இல் தோன்றிய ஹோம் அமைப்பும், 2006 முதல் ஊழியர்களுக்கு மருத்துவ உதவி செய்துவரும் ஹெல்த்சர்வ் அமைப்பும் தத்தம் வழியில் இதே காரியத்தைச் செய்கின்றன.

மனநோய் என்று சொன்னால் முகம் சுளிக்கிற ஊழியர் உணவுக்கு வருவதில் தயக்கம் காட்டுவதில்லை என்ற உண்மையை வைத்தியர்களும் உணர்ந்திருக்கிறார்கள். பேராபத்துக்குப் பின் செய்ய வேண்டிய உளவியல் முதலுதவியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கையேடு, பாதிக்கப்பட்டவரை வற்புறுத்திப் பேச வைக்கலாகாது என்றும், நிலைமையைப் பார்ப்பது, காது கொடுத்துக் கேட்பது, தக்க உதவியுடனும் உற்றார் உறவினருடனும் இணைத்து வைப்பது ஆகிய மூன்றே போதும் என்றும் கூறுகிறது. நம் பாட்டிமார் துக்க வீட்டில் செய்ததும் இதுவே. 2020-இல் விடுதிகளில் வசித்த சுமார் 3,23,000 ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தொற்றுக்கு ஆளாகி, மாதக்கணக்கில் அறைகளில் அடைபட்டுக் கிடந்த பின்னர், மனிதவள அமைச்சு மனநலக் கழகத்துடனும் ஹெல்த்சர்வ் அமைப்புடனும் சேர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் ஊழியரின் மனநலத்துக்கெனத் தனித் திட்டம் வகுத்தது.

லக்கி பிளாசாவில் கூடியது போலவே, 2025 ஏப்ரல் 26 அன்று கனடாவின் வான்கூவர் நகரில், பிலிப்பினோ மக்களின் லாப்பு லாப்பு தினத் திருவிழாக் கூட்டத்துக்குள் ஒரு வாகனம் பாய்ந்து 11 பேர் மாண்டபோதும், தேவாலயங்களிலும் தெருக்களிலும் ஜனங்கள் கூடினார்கள். ஆனால் அங்கே வசிப்போரில் பெரும்பாலோர் குடியுரிமையோ நிரந்தர வாசமோ பெற்று, சொந்தக் குடும்பத்துடன் வாழ்கிறவர்கள்; பிரார்த்தனை முடிந்ததும் போய் அழ அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. சிங்கப்பூரில் அந்த வீட்டின் திறவுகோல் முதலாளியின் கையில் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், பணத்துக்கு மாற்ற முடியாத ஓய்வு நாள் மாதத்துக்கு ஒன்றேனும் பணிப்பெண்ணுக்கு அளித்தாக வேண்டும் என்பது விதி. துக்க விடுப்போ இந்நாட்டில் எந்த ஊழியருக்கும் சட்டப்படியான உரிமையன்று; அதிலும் வேலை நியமனச் சட்டத்தின் வரம்புக்கே வெளியில் நிற்கும் பணிப்பெண்ணுக்கு, எஜமானரின் மனமே சட்டம்.

பணிப்பெண்ணை அமர்த்தியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இங்கே பல. சாவு வீட்டுக்குப் போகாமல் இருந்தவரை ஆயுள் முழுவதும் மன்னிக்காத பரம்பரையில் வந்தவர்கள் நாம். ஊரில் தாயை இழந்த பெண்ணுக்கு ஒன்பது மாலைகளில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசித் திரையின் வழியே தன் ஊராருடன் ஜபிக்க அவகாசம் கொடுப்பதும், நாற்பதாம் நாள் வியாழக்கிழமையாக இருந்தால் அந்த வியாழனை விடுமுறையாக்குவதும், தோழி மருத்துவமனையில் கிடந்தால் போய்ப் பார்த்துவர அனுப்புவதும் எந்த அமைச்சின் அநுமதியையும் வேண்டாத காரியங்கள். மலர்க்கொத்து வைத்த நகரம் பாராட்டுக்குரியது. அதற்கு மேல் செய்ய வேண்டியதை அந்தந்த வீடுதான் செய்ய வேண்டும்.